வேலை மாறும் ஆசை ஊருக்கு ஊர் ஏன் வேறுபடுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாகச் சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். முதல் எட்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட், அதன் பிறகு பெருங்குடி. "எங்க ஆளுங்க ஏன் சார் நிக்கவே மாட்டேங்கிறாங்க?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். "இந்த ஆஃபரை எடுக்கட்டுமா, வேண்டாமா?" என்று வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலை மாறும் ஆர்வம் உண்மையிலேயே ஊருக்கு ஊர் வேறுபடுகிறதா, இல்லை சும்மா பேச்சா?

வேறுபடுகிறது. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்தான் தப்பு. எச்.ஆர். கூட்டங்களில் "கோயம்புத்தூர் ஆள் ஒரே இடத்தில் இருப்பான், பெங்களூர் ஆள் ஓடிவிடுவான், தெற்கத்திப் பையன்கள் கோபப்பட்டுப் பேப்பர் போட்டுவிடுவார்கள்" என்று ஜாதகம் கணிப்பது போலப் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு டிப்ளமா பையன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்பத்தூரில் நாலு வருடத்தில் மூன்று கம்பெனி மாறினார். அவர் பயோடேட்டாவைப் பார்த்தாலே முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். பிறகு கல்யாணமாகி, மனைவி ஊரான கடலூர் மாவட்டத்துக்குக் குடிபோனார். அங்கே அவருடைய கைவேலைக்கு வாய்ப்புள்ள இடம் ஒரே ஒரு ஆலைதான். எட்டு வருடமாக அதே ஆலையில் இருக்கிறார். ஆள் மாறவில்லை, குணமும் மாறவில்லை. சுற்றியிருந்த கம்பெனி கேட்டுகளின் எண்ணிக்கைதான் மாறியது.

ஒரு ஊரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான்: இப்போது இருக்கும் வீட்டைக் காலி பண்ணாமல், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றாமல், இந்த ஆள் போய்ச் சேரக்கூடிய கேட்டுகள் எத்தனை? இரண்டு என்றால் ஆசை மனசுக்குள்ளேயே கிடக்கும். இருபது என்றால் மதிய சாப்பாட்டு நேரத்திலேயே போன் போட்டுவிடுவார்.

சென்னைக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறதா?

ஊருக்கு ஊர் இருப்பதைவிட இங்கேதான் அதிகம் என்பேன்.

அம்பத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் தொடங்கிய எஸ்டேட். லேத், பிரஸ் ஷாப், ஃபோர்ஜிங், ஊசி போல மெலிந்த உதிரி பாகம் செய்யும் பட்டறை என்று ஒரே தெருவில் முப்பது யூனிட் இருக்கும். மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் நின்று பாருங்கள். கரண்ட் கம்பத்தில் "ஆட்கள் தேவை: வி.எம்.சி. செட்டர், சி.என்.சி. ஆபரேட்டர், குவாலிட்டி, ஹெல்பர். ஓ.டி. உண்டு, கேன்டீன் இலவசம்" என்று மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். கீழே பத்து வால் மாதிரி போன் நம்பரை வெட்டி விட்டிருப்பார்கள். நான் போகும்போதெல்லாம் அதில் நாலைந்து வால் கிழிந்திருக்கும். கிழித்தவர் வேலை இல்லாதவர் அல்ல. எதிர் கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு டீ குடிப்பவர்தான். இங்கே ஒரு நல்ல செட்டர், அதாவது மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்குக்கூட மாறுவார். ஏனென்றால் மாறுவதற்கு அவருக்கு ஆகும் செலவு சைக்கிளை இடப்பக்கம் திருப்பாமல் வலப்பக்கம் திருப்புவதுதான்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கதை வேறு. 1998-ல் ஹூண்டாய், 2010-ல் ரெனோ நிசான் என்று பெரிய ஆலைகளும், அவற்றைச் சுற்றி அவற்றுக்கு உதிரி பாகம் கொடுக்கும் கம்பெனிகளும் வந்த வட்டாரம். இங்கே ஆட்கள் இரண்டு ரகம். பெர்மனென்ட் ஆனவர் நகரவே மாட்டார். அவர் சம்பளத்தைப் பக்கத்துக் கம்பெனி தர முடியாது. அதே லைனில், அதே வேலையைச் செய்யும் ட்ரெயினியும் காண்ட்ராக்ட் பையனும் எப்போதும் ஒரு காலை வெளியே வைத்திருப்பார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு "ஒரகடத்தில் ஆர்வம் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் அது உப்பையும் சர்க்கரையையும் கலந்து ருசி பார்த்த மாதிரி.

இந்த வட்டாரத்துக்கு ஒரு நினைவும் உண்டு. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு 2021-ல் மூடுவதாக அறிவித்து 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. "பெரிய கம்பெனி, ரிட்டயர் ஆகும் வரை கவலை இல்லை" என்று நம்பியிருந்த குடும்பங்கள் இரண்டு முறை அடிபட்டன. இன்டர்வியூவில் "இந்தக் கம்பெனி எத்தனை வருஷம் சார் இருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கும் ஆட்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தபோது சாலையோரம் பாதி காலி மனை. இன்று சிறுசேரி வரை கட்டடம். வேலை மாறும் பேச்சு இங்கே நிற்பதே இல்லை. ஏப்ரல் அப்ரைசல் கடிதம் வந்த வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆனால் பேச்சு வேறு, மாறுவது வேறு.

அது என்ன, பேச்சு வேறு மாறுவது வேறு?

90 நாள் நோட்டீஸ் பீரியட் ஒரு காரணம். புதுக் கம்பெனி "இம்மீடியட் ஜாயினர்தான் வேண்டும்" என்கிறது. பழைய கம்பெனி மூன்று மாதம் விட மாட்டேன் என்கிறது. அந்த மூன்று மாதத்தில் "போகாதே, நாங்களே கூட்டித் தருகிறோம்" என்று பழைய கம்பெனியின் கவுண்டர் ஆஃபர் வரும், அம்மா அழுவார், வீட்டுக்கடன் வட்டி ஏறும். பத்துப் பேர் ஆஃபர் வாங்கினால் பத்துப் பேரும் சேர்வதில்லை. இது எனக்குக் கசப்பான பாடம். ஒரு முறை சேர்வதாகச் சொன்ன ஏழு பேரில் ஐந்து பேர், சேர வேண்டிய காலையில் போனை எடுக்கவில்லை. கம்பெனிக்காரர் என் கமிஷனை மட்டுமல்ல, என்னையும் வெட்டிவிட்டார்.

சர்வேயில் பெரிய சதவீதம் பேர் வேலை மாற விரும்புவதாக வருகிறதே, நம்பலாமா?

யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். வேலை தேடும் தளத்தில் பதிந்தவர்களிடம் கேட்டிருந்தால், பந்தி வாசலில் நின்றுகொண்டு "பசிக்கிறதா?" என்று கேட்ட மாதிரிதான். ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டும்போது இன்னொரு சிக்கல் உண்டு: "சென்னை" என்ற தலைப்பில் ஐ.டி. ஆட்கள் நிறைய, "திருப்பூர்" தலைப்பில் எழுத்தர்கள் மட்டும் என்றிருக்கும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட எண் ஊரைக் காட்டாது, கேட்கப்பட்ட கூட்டத்தைத்தான் காட்டும்.

கோயம்புத்தூர்காரர்கள் வேலை மாறவே மாட்டார்களாமே?

மாறுவார்கள், வேறு வாசல் வழியாக. பம்ப், மோட்டார், ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. நன்றாகத் தொழில் கற்ற ஒருவர் பக்கத்துக் கம்பெனிக்குப் போவதைவிட, மாமனாரிடம் கொஞ்சம், பேங்கில் கொஞ்சம் வாங்கி, ஒரு பழைய லேத்தைப் போட்டுத் தனியாக உட்காருவார். பழைய முதலாளியே முதல் ஆர்டரைக் கொடுப்பதும் உண்டு. கணக்கெடுப்பில் இது "வேலை மாற்றம்" என்று விழாது. ஆனால் மனசுக்குள் இருந்த அரிப்பு அதேதான்.

திருப்பூரில் பீஸ் ரேட் கணக்கு, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் இருக்கும் இடத்துக்கு டெய்லர் போவார், அடுத்த மாதம் வேறு இடம். அங்கே மாறுவது ஒரு முடிவே அல்ல, வாராந்திர பழக்கம்.

பெங்களூரோடு ஒப்பிட்டால்?

350 கிலோமீட்டர் தூரம்தான், ஆனாலும் என் அனுபவத்தில் பெங்களூர் ஆள் சீக்கிரம் மாறுவார். அங்கே வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் வெளியூர்க்காரர்கள், வாடகை வீடு, வார்டுரோப் ஒன்று, பைக் ஒன்று. சென்னையில் என்னிடம் வருபவரில் பாதிப் பேருக்கு அப்பா கட்டிய வீடு நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ இருக்கிறது. சொந்த வீடு சம்பாதித்துத் தரும் நிம்மதிக்கு விலை உண்டு: நீங்கள் அந்த வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேலைக்கு மட்டுமே ஆசைப்படுவீர்கள்.

சம்பளம் அதிகம் கொடுத்தும் ஆள் வர மறுக்கிறார். ஏன்?

பெரும்பாலும் பஸ் ரூட். நான் மிகையாகச் சொல்லவில்லை. சம்பளம் கேட்பதற்கு முன் "கம்பெனி பஸ் எங்க பக்கம் வருதா சார்?" என்று கேட்கிறவர்கள் அதிகம்.

பெருங்களத்தூரில் இருக்கும் ஒரு பெண், ஐ.டி.யில் டெஸ்டிங் வேலை, ஆறு வருட அனுபவம். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் இருந்தார். சிறுசேரியில் கையில் மாதம் ஆறாயிரம் கூடுதலாக வருகிற மாதிரி ஆஃபர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் காலையில் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வேண்டாம் சார்" என்றார். கிண்டிக்கு நேராக மின்சார ரயில். ஏறினால் இறங்கினால் வேலை முடிந்தது. சிறுசேரிக்கு பஸ் மாறி, டிராஃபிக்கில் நின்று, போக வர தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல். மாதம் இருபத்திரண்டு நாள் என்றால் நாற்பத்து நாலு மணி நேரம். ஆறாயிரத்தை அதால் வகுத்தால் ஒரு மணிக்கு நூற்று முப்பத்தாறு ரூபாய். "என் ஒரு மணி நேரம் அவ்வளவு மலிவா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். மேற்கே அது மாறத் தொடங்கிவிட்டது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு, ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்துப் பட்டதாரிகள் "தரமணிக்குப் போகாமல் இங்கேயே ஏதாவது?" என்று விசாரிக்கிறார்கள். விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் சிறிய டைடல் பார்க்குகள் அதே வருடம் வந்தன. அங்கே ஒரு கம்பெனி சரியில்லை என்றால் அடுத்த கட்டடம் இல்லை. அதனால் அங்கே சேர்ந்தவர்கள் இப்போதைக்கு அமைதியாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

பெண்கள் குறைவாக மாறுகிறார்கள் என்பது சரியா?

ஆர்வம் குறைவு இல்லை, வழி குறைவு. இந்தியாவில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்பவர்களில் பலர் வெளிமாவட்டத்துப் பெண்கள், விடுதியில் தங்குபவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். விடுதி நல்ல விஷயம்தான். வாடகைக்கு அறை தேடி அலைய வேண்டாம், ஊரில் அப்பாவும் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் வேலையும் கட்டிலும் ஒரே ஆள் கையில் இருந்தால், வேலையை விட்ட அன்றே பெட்டியோடு நிற்க வேண்டும். பக்கத்துக் கம்பெனி இரண்டாயிரம் அதிகம் தருகிறது என்றாலும், "அங்க ஹாஸ்டல் இருக்கா?" என்ற கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள்?

தனி ஆளாக மாறுவது குறைவு. ஒடிசா, பீகார் ஆட்கள் கூட்டமாக, காண்ட்ராக்டர் மூலமாக வருகிறார்கள். ஹோலிக்கோ சாத் பூஜைக்கோ ஊருக்குப் போய்த் திரும்பும்போது, வேறு காண்ட்ராக்டரோடு வேறு இடத்தில் இறங்குவார்கள். நம் தெற்கு மாவட்டப் பையன்களும் பொங்கல் முடிந்து இதையேதான் செய்கிறார்கள். ஒரு ரூமில் ஆறு பேர் இருந்தால், ஒருவர் மாறிய மூன்றாம் மாதம் ரூமே மாறியிருக்கும்.

மற்ற நாடுகளிலும் இந்த மாதிரி வட்டார வித்தியாசம் உண்டா?

உண்டு, நன்றாக அளந்தும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, வேலையைத் தாமாக விட்டவர்களின் விகிதத்தை மாதாமாதம் வட்டாரவாரியாக வெளியிடுகிறது. நியூயார்க், பாஸ்டன் இருக்கும் வடகிழக்கில் அது பொதுவாகக் குறைவு, தெற்கு மாநிலங்களில் அதிகம். கவனியுங்கள், இது "ஆசை இருக்கிறதா" என்ற கேள்விக்கான பதில் அல்ல, உண்மையில் விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை. நம் ஊருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் என் போன்றவர்கள் பாதி வாய்ச்சவடாலை நிறுத்திவிடலாம்.

அங்கே சட்டமும் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. கலிஃபோர்னியாவில் "எங்களை விட்டால் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்ற ஒப்பந்தம் செல்லாது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆட்கள் அவ்வளவு எளிதாக மாறியதற்கும், பாஸ்டன் பக்கம் அப்படி நடக்காததற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. நமக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அந்த விதி 1872-ல் வந்தது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872. அதன் 27-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் மூலம் நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய சட்ட வரைவு. அந்த நியூயார்க் மட்டும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் பாண்டில் கையெழுத்துப் போட்டாலும் போய்விடலாமா?

அவசரப்படாதீர்கள். வேலையை விட்ட பிறகு "எங்கும் சேராதே" என்று தடுப்பது ஒன்று, "இத்தனை வருடத்துக்குள் போனால் இவ்வளவு பணம் கட்டு" என்பது இன்னொன்று. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதனால் தொகையைப் பாருங்கள், ட்ரெயினிங் உண்மையில் கொடுத்தார்களா என்று பாருங்கள், தெரிந்த வக்கீலிடம் ஒரு முறை காட்டுங்கள். அப்புறம், சர்டிஃபிகேட் ஒரிஜினலைக் கேட்கும் கம்பெனியிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அம்பத்தூர் ஆட்கள் தீபாவளிக்கு முன் மாற மாட்டார்கள் என்பது நிஜமா?

நிஜம். செப்டம்பரில் ஆள் கேட்டால் நான் சிரிப்பேன். போனஸ் கையில் வந்து, பட்டாசு வெடித்து முடிந்த பிறகுதான் போன் அடிக்கும். குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்பது சட்டத்தின் அளவு. தகுதி இருந்தால் நடுவில் விட்டுப் போனவருக்கும், வேலை பார்த்த காலத்துக்கான போனஸ் உண்டு. ஆனால் பழைய கேட்டில் போய் நின்று கேட்டு வாங்குபவரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

ஐந்து வருடம் முடிய ஆறு மாதம் இருக்கிறது. நல்ல ஆஃபர் வந்திருக்கிறது. என்ன செய்ய?

கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருடம் முடித்து விலகுபவருக்குக் கம்பெனி தரும் பணிக்கொடை, எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்குங்கள். 18,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு சுமார் 51,900. புதுச் சம்பளத்தில் மாதம் நாலாயிரம் கூடும் என்றால் ஆறு மாதத்துக்கு 24,000, காத்திருப்பது லாபம். பத்தாயிரம் கூடும் என்றால் கிளம்பலாம். நாலு வருடம் 240 நாளே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் சொன்னது. ஆனால் அதைக் காட்டிப் பணம் வாங்க சில கம்பெனிகளிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட காலத்துக்கென்று எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

வேண்டாம், புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒன்றுதான். பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு வளராது.

சம்பளம் கூடினால் இ.எஸ்.ஐ. போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தைப் படித்தவர்கள் கேலி செய்வார்கள், நான் செய்ய மாட்டேன். இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் தரும் அரசுக் காப்பீடு. 2017-லிருந்து அதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அம்மாவுக்கு டயாலிசிஸ் பார்க்கும் ஒருவருக்கு 20,500-லிருந்து 23,000-க்கு மாறுவது உயர்வே அல்ல. புதுக் கம்பெனி பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு தருகிறதா, ஏற்கெனவே இருக்கும் நோயை முதல் நாளிலிருந்தே ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் இருங்கள். கொரட்டூர், பாடி, வில்லிவாக்கம் பக்கம் பலர் நகராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த சர்வேயிலும் இதற்கு ஒரு கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

முதலாளியாகக் கேட்கிறேன்: ஆட்களை நிறுத்த ஒரே ஒரு விஷயம் செய்யலாம் என்றால்?

பஸ்ஸை இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி விடுங்கள். நிஜமாகத்தான். ஒரு யூனிட்டில் திருவள்ளூர் வரை வேனை நீட்டிய பிறகு அந்த வருடம் எனக்கு அங்கிருந்து வேலையே வரவில்லை. எனக்கு நஷ்டம்.

ஆடி மாதத்தில் புது வேலையில் சேரலாமா?

எனக்கு ஆட்சேபணை இல்லை, உங்கள் வீட்டில்தான் கேட்க வேண்டும். ஜூலை நடுவில் ஆஃபர் வாங்கியவர்கள் "ஃபேமிலி ஃபங்ஷன் சார், ஒரு மாசம் தள்ளிக்கலாமா" என்று மெயில் போடுவார்கள். வடக்கத்தி எச்.ஆர்.களுக்கு இது புரிவதே இல்லை. என்ன குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விசேஷம் என்று என்னைக் கேட்பார்கள். ஆவணி பிறந்ததும் ராகு காலம் பார்த்துக்கொண்டு வந்து சேர்வார்கள். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பெருங்குடியில் எந்த இண்டக்‌ஷன் அறைக்குப் போனாலும் நாற்காலி போதாது. கேன்டீனிலிருந்து பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போடுவார்கள்.